பொழுது பிறழ்ந்த நெய்தல்

திருகோணமலைக் கடலைப் பற்றி நம்மவர் எழுதும் கவிதைகளையும் கதைகளையும் கட்டுரைகளையும் ஒருசேர வைத்துப் படிப்போருக்கு ஓர் உண்மை விரைவிற் புலனாகும். அவற்றில் வரும் கடல் ஒரே கடல். அது எப்போதும் நீலமாக இருக்கிறது. மாலையிற் பொன்னிறம் கொள்கிறது. கோணேசர் மலையின் அடியில் அலைகள் ஓயாது அர்ச்சனை செய்கின்றன. கோட்டை வாசலிற் புள்ளிமான்கள் துள்ளுகின்றன. நிலாவெளியில் வெண்மணல் விரிந்து கிடக்கிறது. எழுதியவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதினாரா, சென்ற ஆண்டு எழுதினாரா என்பதை அந்த வருணனையைக் கொண்டு அறிய முடியாது.

இதனைக் கடலின் நிலைபேற்றுக்குச் சான்றாகச் சிலர் கொள்ளக்கூடும். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. நம் எழுத்தாளர் கடலைப் பார்த்து எழுதுவதை விட்டு, முன்னவர் எழுதியதைப் பார்த்து எழுதுகின்றனர் என்பதற்கே அது சான்று. ஏனெனில், கடல் மாறிக்கொண்டிருக்கிறது. அதன் வெப்பம் மாறுகிறது. அதன் அடியில் வாழும் முருகைக்கல்லும், கரையில் நிற்கும் கண்டலும், மணலில் முட்டையிடும் ஆமையும் அந்த மாற்றத்தைத் தம் உடலில் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. கரைவலை இழுப்பவனும் பட்டி மாடு மேய்ப்பவனும் அதனைத் தம் வருவாயில் உணர்கின்றனர். எழுத்தாளன் ஒருவனே உணராதிருக்கின்றான். இந்த முரண்பாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கிய விமரிசனத்துக்கும் காலநிலைக்கும் என்ன தொடர்பு என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு, அதுவும் தமிழ் இலக்கிய மரபின் அடித்தளத்திலேயே உண்டு. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தது. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். அந்த நிலத்திலும் பொழுதிலும் தோன்றும் மரம், புள், விலங்கு, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். அவற்றிடையே வாழும் மாந்தரின் உணர்வு உரிப்பொருள். இவ்வகுப்பைப் பண்டிதர்கள் பட்டியலாக்கி மாணவரை மனனம் செய்ய வைத்தனர். ஆயின் இதனுள் ஒரு பொருள்முதல் நோக்கு உறைந்து கிடப்பதை நாம் மறத்தலாகாது. மனித உணர்வு வானத்திலிருந்து இறங்கி வருவதன்று. நிலத்திலும் பொழுதிலும் தொழிலிலும் வேர்கொண்டு எழுவது என்பதே அதன் உட்கிடை.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய சொல் 'பொழுது' என்பதாகும். நிலத்தைப் பற்றி நாம் நிரம்பப் பேசியுள்ளோம். நிலவுரிமை, நிலப்பறிப்பு, குடியேற்றம், இடப்பெயர்வு ஆகியவை பற்றி ஈழத்துத் தமிழ் இலக்கியம் பேசியது கொஞ்சமன்று. பொழுதையோ மாறாத ஒன்று எனக் கருதி ஒதுக்கிவிட்டோம். கார் வரும், கூதிர் வரும், முன்பனி வரும் என்பது எழுதாச் சட்டமாக இருந்தது. முதற்பொருளின் ஒரு பாதியாகிய பொழுதே பிறழுமாயின், அதன்மேல் நிற்கும் கருப்பொருளும் உரிப்பொருளும் என்னாகும்? இன்று விமரிசகன் எழுப்ப வேண்டிய வினா இதுவே.

முன்னோடிகள் இதனை எவ்வாறு கையாண்டனர் என்று முதலிற் பார்ப்போம். ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் திருகோணமலைமீது பதிகம் பாடியபோது கடலைக் கோயிலின் சூழலாகவே கண்டார். பக்திக் கவிஞருக்கு அது இயல்பு. பல நூற்றாண்டுகளின் பின், அக்கடலை மனித உழைப்பின் களமாகக் கண்டவர் மூதூர் தந்த வ. அ. இராசரத்தினம். 1962இல் வெளிவந்து சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற அவரது 'தோணி' என்ற தொகுதியின் தலைப்புக் கதை, தனக்கென ஒரு தோணி வேண்டுமென்று ஏங்கும் மீனவ இளைஞனின் கதை. கடலில் உழைப்பவன் ஒருவன். உழைப்புக் கருவிக்கு உரியவன் வேறொருவன். இந்த உண்மையைக் கொட்டியாரக் குடாவின் கரையிலிருந்து தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்த பெருமை அவருடையது. அக்கதையில் தோணி கேள்விக்குரியது, கடல் கேள்விக்குரியதன்று. தோணி கிடைத்தால் வாழ்வு கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு அன்றைய கடல் இடந்தந்தது.

செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் வெளிவந்தது. நெடுந்தீவைக் களமாகக் கொண்ட அந்நாவலில் ஒரு பருவக் காற்றே தலைப்பாக நிற்கிறது. அதன் ஆசிரியர் புவியியல் கற்றவர் என்பது தற்செயலன்று. வாடை வீசும் பருவத்தோடு மீனவர் வருகிறார்கள், வாடி அமைக்கிறார்கள், அவர்களோடு காதலும் பகையும் வருகின்றன. பொழுது மாந்தரை நகர்த்துகிறது. திருகோணமலைக் கரையிலும் இதே இயக்கம் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிற் கடலைக் கொந்தளிக்கச் செய்யும் மாதங்களில், அமைதியான கிழக்குக் கரையை நாடி அங்குள்ள மீனவர் வந்து தங்குவது நெடுநாள் வழக்கம். வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்று நான்கு காற்றுக்கும் நான்கு பெயர் வைத்த மக்கள், அப்பெயர்களை அழகுக்காக வைக்கவில்லை. எந்நாளில் வலை வீச வேண்டும், எந்நாளிற் கரையில் இருக்க வேண்டும், எப்போது கீரியும் சூடையும் வரும் என்ற அறிவு முழுவதும் அப்பெயர்களுள் அடங்கியிருந்தது. காற்றின் பெயர் அவர்களது நாட்காட்டி. 'வாடைக்காற்று' போன்ற நாவல் எழ முடிந்ததற்கு அந்த நாட்காட்டி நம்பத்தக்கதாக இருந்ததே காரணம்.

இன்று அந்த நம்பிக்கையின் அடித்தளம் தளர்ந்து வருகிறது. தொழில்மயத்துக்கு முந்திய காலத்தோடு ஒப்பிடுமிடத்து, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை செல்சியசு உயர்ந்திருந்தது. 2024ஆம் ஆண்டு, 1.5 பாகை என்ற எல்லையைத் தாண்டிய முதல் ஆண்டாகப் பதிவாயிற்று. இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி 1950க்கும் 2020க்கும் இடையில் நூற்றாண்டுக்கு 1.2 பாகை என்ற வேகத்தில் வெப்பமேறி வந்துள்ளது. ஒரு பாகை என்பது கரையில் நிற்கும் நமக்கு அற்பமாகத் தோன்றலாம். கடலுக்கு அது அற்பமன்று. கடல் வாழ் உயிர்கள் மிகக் குறுகிய வெப்ப எல்லைக்குள் வாழப் பழகியவை.

இதற்கு நம் கண்முன் உள்ள சான்று புறாமலை. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள இத்தீவு, பாறைகளில் வாழும் மாடப்புறாக்களாற் பெயர் பெற்றது. ஆங்கிலேயர் காலத்தில் இது துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டது. 1963இல் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனஞ் செய்யப்பட்டது. அதனைச் சூழ்ந்துள்ள முருகைக்கற் பாறைகள் இந்நாட்டின் மிகச் சிறந்தவற்றுள் அடங்கும்.

முருகைக்கல் என்பது பெயரளவிலேயே கல். உண்மையில் அது எண்ணற்ற நுண்ணுயிர்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்ணிய பாசி வாழ்கிறது. பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்துத் தன்னைத் தாங்கும் உயிருக்குக் கொடுக்கிறது. அவ்வுயிர் பாசிக்கு உறைவிடம் தருகிறது. இருவர் உழைப்பால் நிற்கும் இந்தக் கூட்டு வாழ்வு, வழக்கமான கோடையின் உச்ச வெப்பத்திலும் ஒரு பாகை கூடிச் சில வாரம் நீடித்தாற் குலைந்துவிடுகிறது. பாசி வெளியேற்றப்படுகிறது, நிறம் போய் வெள்ளெலும்பு தெரிகிறது. வெப்பம் விரைவிற் தணிந்தால் உயிர் மீளும். தணியாவிடிற் பட்டினியால் மடியும். அதன் இடுக்குகளிற் குஞ்சு பொரித்து வளரும் மீனினமும் அதனோடு குறையும்.

1998இல் இந்தியப் பெருங்கடலில் வெப்ப அலை எழுந்தபோது இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் ஆழங்குறைந்த முருகைக்கற் பாறைகள் பேரளவில் வெளுத்து மடிந்தன. திருகோணமலைப் பாறைகள் அன்று பெரும்பாலும் தப்பின. அந்தத் தப்புதல் நம்மிடையே ஒரு பொய்யான நிம்மதியைத் தோற்றுவித்தது. 'எங்கள் கடல் வேறு' என்ற பெருமிதம் அதில் உண்டு. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு 2024 ஏப்பிரலில் உறுதி செய்யப்பட்டது. வெப்பம் 1.5 பாகையை எட்டினால் உலகின் முருகைக்கற் பாறைகளில் நூற்றுக்கு 70 முதல் 90 வரை குறையும் என்றும், 2 பாகையை எட்டினால் நூற்றுக்கு 99க்கு மேல் அழியும் என்றும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடை அறிஞர் குழு 2018இல் அறிவித்தது. ஒருமுறை தப்பியமை என்றும் தப்புவதற்கான சாசனமாகாது.

நமது கவிதையிற் பவளம் என்ன செய்கிறது? அது காதலியின் இதழாக இருக்கிறது. அன்று முதல் இன்று வரை அந்த இதழ் சிவந்தே இருக்கிறது. கடலடியில் உள்ளதோ வெளுக்கும் ஆபத்தில் நிற்கிறது. உவமை ஒருபுறமும் உவமைக்கு அடிப்படையான பொருள் மறுபுறமுமாகப் பிரிந்து போகும்போது, எஞ்சுவது வெறும் சொல்லணி. சங்கப் புலவன் தான் கண்டதை உவமித்தான். நாமோ அவன் உவமித்ததை உவமிக்கின்றோம்.

கரைக்கு வருவோம். உலகக் கடல் மட்டம் 1901க்கும் 2018க்கும் இடையில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. இப்போது உயரும் வேகமும் முன்னையினும் மிகுதி. கடல் சற்றே ஏறினாற் கரையோரச் செடிகொடிகள் உள்ளே நகர வேண்டும். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் மணலைப் பிடித்து வைத்திருப்பவை. அவற்றின் பின்னே தாழை. கழிமுகத்திற் கண்ணாவும் கண்டலும் தில்லையும். இயற்கையில் இவை இடம் பெயரக் கூடியவை. ஆயின், பின்னால் மதிலும் வீதியும் விடுதியும் எழுந்து நின்றால் எங்கே நகர்வது? முன்னே கடல் நெருக்க, பின்னே மதில் தடுக்க, நடுவில் நசுங்குகிறது கரை. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் போன்ற தாழ்ந்த நிலங்களிலே, வறட்சிக் காலத்தில் ஆற்று நீர் குன்றும்போது உவர் நீர் உள்ளே ஏறுவதற்கு வழி திறக்கிறது. கண்டல் வேர்கள் மீன்குஞ்சுக்கு வீடும் இறாலுக்குத் தொட்டிலுமாக விளங்குவன. கண்டல் அழிந்த கழியில் வலை வீசுபவனின் கூடை எடை குறைவது எவரும் ஊகிக்கத் தக்கதே.

கடலாமையின் கதை இன்னும் நுட்பமானது. ஆமையின் முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை அது புதைந்திருக்கும் மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது. குளிர்ந்த மணலில் ஆண் மிகும். வெப்ப மணலிற் பெண் மிகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத் தொடரின் வடபகுதியிற் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் நூற்றுக்கு 99 பெண்ணாக இருந்ததை 2018இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. இலங்கையின் கிழக்குக் கரைக்கும் ஆமைகள் முட்டையிட வருகின்றன. மணலின் மேல் நிழல் தரும் தாழையையும் கொடியையும் வெட்டி, வெறுங்கரையை விளக்கு வெளிச்சத்திற் குளிப்பாட்டும் நாம், ஒரு இனத்தின் எதிர்காலத்தின்மீது கை வைக்கிறோம். 'தாயைத் தேடி வந்த கரை' என்று ஆமையைப் பற்றி உருகி எழுதும் நம் கவிஞர் இந்த மணலின் வெப்பத்தைத் தொட்டுப் பார்த்ததுண்டா?

கடலைவிட்டு வயலுக்கும் மேய்ச்சற்றரைக்கும் செல்வோம். இம்மாவட்டம் தன் மழையில் பெரும்பகுதியை ஐப்பசி முதல் தை வரையிலான வடகீழ்ப் பருவத்திற் பெறுகிறது. பெரும்போக வேளாண்மை அதனை நம்பியது. வெப்பம் ஒரு பாகை ஏறும்போது காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ நூற்றுக்கு 7 கூடுகிறது. ஆகவே பெய்யும் மழை கொட்டித் தீர்க்கும் பெருமழையாகவும், இடைப்பட்ட வெயில் நீண்ட வறட்சியாகவும் திரியும் சாத்தியம் மிகுகிறது. புயல் இக்கரைக்குப் புதிதன்று. 1964 திசெம்பரில் திருகோணமலைப் பகுதியூடாக நுழைந்த சூறாவளியே மன்னாரைத் தாண்டித் தனுஷ்கோடியை அழித்தது. 2020 திசெம்பர் 2ஆம் நாள் புரெவிப் புயல் குச்சவெளி, திரியாய்ப் பகுதியிற் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதையும் உலுக்கி, அறுநூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. மலைநாட்டிற் பெய்த மழை மகாவலி வழியே வந்து அதன் கழிமுகத்து ஊர்களை மூழ்கடித்தது.

இவற்றுள், எழுத்தாளர் அதிகம் கவனியாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2022 திசெம்பரில், மாண்டோஸ் புயலின் போது வெப்பநிலை சடுதியாக வீழ்ந்தது. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஆடுகளும் ஓரிரு நாளில் விறைத்து மாண்டன. திறந்த வெளியில் நனைந்து நின்ற பட்டிகளே பெரிதும் அழிந்தன. வெப்பத்துக்குப் பழகிய உடல் திடீர்க் குளிரைத் தாங்கவில்லை. மேய்ச்சற்றரை சுருங்கி, தீனி குன்றி, மெலிந்திருந்த மாட்டுக்கு எதிர்ப்பாற்றல் எங்கிருந்து வரும்? பட்டிக்காரனுக்கு மாடு விலங்கு மட்டுமன்று. அவன் வங்கி, அவன் பிள்ளையின் படிப்பு, அவன் மகளின் திருமணம். ஒரே இரவில் அது சேற்றிற் சாய்ந்து கிடந்தது. ஒரு காவியத்துக்கு உரிய துயரம் இது. நமது இலக்கியத்தில் இதற்கு எத்தனை பக்கம் கிடைத்தது?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. கண்ட கேட்டையெல்லாம் காலநிலை மாற்றத்தின் தலையிற் சுமத்துவது புதியதோர் மூடநம்பிக்கையாக மாறிவிடும். 2004 திசெம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை நிலநடுக்கத்தால் எழுந்தது. அதற்கும் வெப்பத்துக்கும் தொடர்பில்லை. நகரத்துப் புள்ளிமான்கள் குப்பை மேட்டிற் பொலித்தீனைத் தின்று மடிகின்றன. அது கழிவகற்றலின் குற்றம். இம்மாவட்டக் கடலில் வெடிவைத்து மீன் பிடிப்போர் பாறையைத் தகர்ப்பது சட்டத்தின் குற்றமும், அந்த வெடிக்கு முதல் போடுவோரின் குற்றமும் ஆகும். புறாமலையின் முருகைக்கல்லை உல்லாசப் பயணிகள் மிதித்து உடைப்பது நிருவாகத்தின் குற்றம். தனி ஒரு புயலையோ ஒரு நாட் குளிரையோ காட்டி, இதற்கு இதுவே காரணம் என்று அறுதியிடவும் இயலாது. ஆயின் ஒன்று உறுதி: வெடியாலும் மிதியாலும் நலிந்த பாறை, வெப்பம் வரும்போது முதலில் மடியும். மேய்ச்சல் இழந்து மெலிந்த மாடு குளிரில் முதலிற் சாயும். காலநிலை மாற்றம் ஏற்கெனவே உள்ள அநீதிகளின்மேல் வந்து அமரும் பாரம். இந்த வேறுபாட்டைப் பிரித்தறிந்து எழுதுபவனே யதார்த்தவாதி.

நமது எழுத்தில் இப்போது பெருகிவரும் 'சுற்றாடல்' இலக்கியம் பிரித்தறிகின்றதா? இல்லையென்றே வருந்திச் சொல்ல வேண்டியுள்ளது. ஆண்டுதோறும் யூன் 5ஆம் நாள் நடைபெறும் கவியரங்குகளையும் பாடசாலைக் கட்டுரைப் போட்டிகளையும் கவனியுங்கள். 'மனிதன் பேராசையால் இயற்கையை அழித்தான்' என்ற ஒரே வாக்கியம் ஆயிரம் விதமாக ஒலிக்கும். யார் அந்த மனிதன்? கிண்ணியாவிற் கண்டற் கழியில் இறால் வடிப்பவனா? நியூயோர்க்கில் எண்ணெய்ப் பங்கு வைத்திருப்பவனா? இருவரையும் 'மனிதன்' என்ற ஒரு சொல்லிற் போட்டு மூடுவது, பழைய பண்டிதர் 'விதி' என்று சொன்னதிலிருந்து எவ்வகையில் முற்போக்கானது? விதி என்றால் எவரும் பொறுப்பில்லை. மனிதன் என்றால் எல்லாரும் பொறுப்பு. விளைவு ஒன்றே: உண்மைப் பொறுப்பாளி தப்பிவிடுகிறான்.

பொறுப்பாளியைத் தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சீனக்குடாவில், புதர் மண்டிய காட்டுக்கு நடுவே, பிரித்தானியப் பேரரசு தன் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. இன்று எஞ்சியிருப்பவை 99. நிலக்கரியில் ஓடிய போர்க்கப்பல்கள் எண்ணெய்க்கு மாறியபோது, இந்த இயற்கைத் துறைமுகம் அப்பேரரசின் எரிபொருட் களஞ்சியமாயிற்று. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதன்மேற் குண்டு வீசின. கோட்டைகளைக் கண்டு வியக்கும் நம் வரலாற்றாசிரியர்கள் இத்தாங்கிகளை உலகப் போரின் எச்சமாக மட்டுமே காட்டுவர். நாம் அவற்றை வேறு கண்ணாலும் பார்க்க வேண்டும். உலகத்தின் வானில் இன்று சேர்ந்திருக்கும் கரியமில வாயுவின் வரலாறு இத்தகைய தாங்கிகளின் வரலாறுதான். எரித்தவர் அவர், இலாபம் கொண்டவர் அவர். இன்றைக்கும் உலகம் ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயுவில் இலங்கையின் பங்கு நூற்றில் ஒன்றின் பத்திலொரு பகுதிக்கும் குறைவு. தாங்கியிலிருந்து புறாமலை சில மைல் தூரமே. காரணமும் விளைவும் ஒரே மாவட்டத்துக்குள் எதிரெதிரே நிற்கும் இக்காட்சியைக் காட்டிலும் ஒரு நாவலாசிரியனுக்கு வேறென்ன வேண்டும்?

பிறரைக் குறை கூறும் நாம் நம்மையும் சோதித்துப் பார்த்தல் நேர்மையாகும். முற்போக்கு எழுத்தாளராகிய நாமும் நெடுங்காலம் இயற்கையை 'வெல்லப்பட' வேண்டியதாகவே கண்டோம். அணையும் புகைபோக்கியும் நமக்கு விடுதலையின் சின்னங்களாகத் தோன்றின. மீனவன் வாழ்வை எழுதினோம். மீனின் வாழ்வை எழுதுவது நடுத்தர வர்க்கத்துப் பொழுதுபோக்கு என எள்ளினோம். சோவியத் நாட்டிற் பருத்திக்காக ஆறுகள் திருப்பப்பட்டு, 1960கள் முதல் ஆரல் கடல் வற்றி, அதன் மீனவர் கிராமங்கள் பாலையாகின. அது முதலாளித்துவத்தின் செயலன்று. இயற்கையின்மீது மனிதன் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் இயற்கை பின்னர்க் கணக்குத் தீர்க்கும் என்ற கருத்தை ஏங்கல்ஸ் 1876இலேயே எழுதி வைத்திருந்தார். படித்தோம், அதனை அடிக்குறிப்பாக விட்டுவிட்டோம். மகாவலியின் நீர் மேலே திருப்பப்பட்டபோது, கொட்டியாரக் குடாவில் அதன் கழிமுகத்துக்கு என்ன நேரும் என்று கேட்ட கதை எத்தனை?

மக்களோ நம்மை முந்திக்கொண்டனர். 2006இற் போரினால் விரட்டப்பட்ட சம்பூர் மக்களின் மண்ணில், 500 மெகாவாற்று அனல் மின் நிலையம் ஒன்றை இந்திய நிறுவனத்துடன் கூட்டாக அமைக்கத் திட்டமிடப்பட்டது. நிலத்தை மீட்பதற்கான போராட்டமும், கடலுக்குள் விடப்படும் சுடுநீரும் சாம்பலும் குறித்த எதிர்ப்பும் அங்கே ஒன்று சேர்ந்தன. வழக்கு நீதிமன்றம் சென்றது. 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. நிலவுரிமையும் கடலின் நலமும் இரு வேறு கேள்விகளல்ல என்பதைச் சம்பூர் காட்டியது. முதற்பொருளின் இரண்டு பாதிகளையும் அம்மக்கள் ஒன்றாகவே கண்டனர். இலக்கியமே இன்னும் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆகவே, இன்று நெய்தலை எழுதுபவனுக்கு நாம் வைக்க விரும்பும் அளவுகோல் மிக எளியது. உன் கதையில் வரும் பொழுது எந்த ஆண்டின் பொழுது? உன் பவளம் எந்தக் கடலின் பவளம்? உன் மீனவன் காற்றைப் பார்த்துச் சொல்வது அவன் பாட்டன் சொன்னதா, அல்லது இன்று அவன் சொல்லத் தடுமாறுவதா? அந்தத் தடுமாற்றத்திலேதான் இன்றைய உரிப்பொருள் இருக்கிறது. இரங்கல் நெய்தலுக்குரிய உணர்வு என்றது மரபு. தலைவன் வராமைக்கு இரங்கியது அன்றைய நெய்தல். மீன் வராமைக்கும், மழை காலந்தவறுவதற்கும், கரை கரைவதற்கும் இரங்குவது இன்றைய நெய்தல். இரங்கலோடு நில்லாது, ஏன் என்று கேட்பது முற்போக்கு நெய்தல்.

இராசரத்தினத்தின் இளைஞன் தோணி கேட்டான். அந்தக் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை. அதனைக் கைவிடச் சொல்லும் உரிமை எவருக்குமில்லை. ஆயின், அவன் பேரன் தோணியோடு கடலையும் கேட்க வேண்டியவனாக இருக்கிறான். மீனுள்ள கடல், பருவம் தவறாத காற்று, கண்டல் நிற்கும் கழி ஆகியவை உழைக்கும் மக்களின் உற்பத்திச் சாதனங்களே என்பதை எழுத்தில் நிலைநாட்டுவது நம் கடன்.

இதற்கு ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நிலாவெளியிலும் குச்சவெளியிலும் மூதூரிலும் கிண்ணியாவிலும் உள்ள பாடசாலைகள் ஒவ்வொன்றும் ஒரு பொழுதேடு தொடங்கலாம். இவ்வாண்டு வாடை எந்நாளில் எழுந்தது, பாலைப்பழம் எப்போது கனிந்தது, கீரி எந்த வாரத்தில் வலையிற் பட்டது, உவர் எந்த வயல்வரை ஏறிற்று, ஆமை எத்தனை முறை கரையேறிற்று என்று ஆண்டுதோறும் குறித்து வைத்தால், பத்தாண்டில் அது விஞ்ஞானிக்கும் பயன்படும், எழுத்தாளனுக்கும் பயன்படும். முதிய மீனவர், பட்டிக்காரர், சிப்பி பொறுக்கும் பெண்கள் ஆகியோரிடம் உள்ள அறிவு எழுதப்படாமலே அவர்களோடு மறைந்து போகாதிருக்கவும் அது உதவும். 'இயற்கையைக் காப்போம்' என்று நூறு கட்டுரை எழுதச் சொல்வதிலும், அந்த ஏட்டில் ஒரு வரி உண்மை எழுதச் சொல்வது மேலான மொழிப் பயிற்சி.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நம் ஊரிற் கூறுவர். தனித்தனியே இழுத்தால் அறுந்துவிடும் அக்கொடி, கூடிப் படரும்போது கரை மணலையே கட்டி நிறுத்துகிறது. அந்தப் பழமொழியைப் பிறப்பித்த கரையிலிருந்து அக்கொடி அற்றுப்போகுமாயின், நாளைய மாணவனுக்கு அது பொருள் விளங்காத வெறுஞ்சொல்லாகிவிடும். அகராதியில் அடம்பு இருக்கும், மணலில் இராது. அந்நிலை வாராமற் காப்பதிற் பேனாவுக்கும் பங்குண்டு என்பதை மறவாதிருப்போமாக.